ஐயர் இல்லாம, நாங்களே எழுதின உறுதிமொழியோட தோட்டத்துல கல்யாணம் பண்ணா சட்டப்படி செல்லுமா?

உங்க கேள்விய நான் புரிஞ்சுக்கிட்டத முதல்ல சொல்லிடுறேன், தப்புன்னா திருத்துங்க. ஜனவரி கடைசில ஒரு தோட்டத்துல அறுபது பேரைக் கூப்பிட்டு, ஐயர் இல்லாம, மந்திரம் இல்லாம, நீங்க ரெண்டு பேரும் எழுதின உறுதிமொழிய வாசிச்சு மாலை மாத்திக்கணும், உங்க காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தர் முன்னாடி நின்னு நடத்தி வைப்பார். ஆனா மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுல வேலை கிடைச்சிருக்கு, உங்களுக்கு விசா எடுக்க மேரேஜ் சர்ட்டிபிகேட் வேணும், அதனால அக்டோபர்லயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுட்டு விழாவ ஜனவரில வெச்சுக்கலாமான்னு கேக்குறீங்க. அதோட நீங்க கேட்டிருக்கிறது "ஃப்ரெண்டு நடத்தி வெச்சா செல்லுமா, அவருக்கு லைசென்ஸ் ஏதாவது வேணுமா". ஆனா அதுக்கு அடில இருக்கிற கேள்வி, எந்த நிமிஷத்துல நாங்க சட்டப்படி புருஷன் பொண்டாட்டி ஆகுறோம்ங்கிறதுதான். இது தெளிவாயிட்டா மத்ததெல்லாம் தேதி பாக்குற வேலை மட்டும்தான்.

நான் திருச்சி பக்கம் 22 வருஷமா வக்கீல், பாதி நாள் குடும்ப நீதிமன்றத்துல பிரிச்சு வைக்கிற வேலை, மீதி நாள் பதிவுக்கு வர்ற ஜோடிங்களோட பத்திர ஆபீஸ் வாசல்ல நிக்கிற வேலை. அதுபோக சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க வீட்டுல ஒரு பதினஞ்சு சீர்திருத்தக் கல்யாணத்துக்கு மைக் பிடிச்சிருக்கேன். நான் எழுதுறது தமிழ்நாட்டு நடைமுறைய வெச்சு, வெளிநாட்டு தூதரகம் என்ன கேக்கும்ங்கிறத அவங்க இணையதளத்துலதான் பாக்கணும்.

நீங்க ரெண்டு விஷயத்த எழுதாம விட்டுட்டீங்க. ஒண்ணு, நீங்க ரெண்டு பேரும் என்ன மதம். இன்னொண்ணு, அந்தத் தோட்டம் எந்த ஊர்ல இருக்கு. மதம் வேண்டாம்னுதானே இப்படிப் பண்றோம், அத எதுக்குக் கேக்குறீங்கன்னு கோவம் வரலாம், ஆனா நம்ம நாட்டுக் கல்யாணச் சட்டம் அந்தக் கேள்விலதான் ஆரம்பிக்குது, மனசுல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு அது பாக்காது. இந்துத் திருமணச் சட்டத்துல இந்துன்னா பௌத்தர், சமணர், சீக்கியரும் சேர்த்தி. சாமி கும்பிடாதவரும் இந்துக் குடும்பத்துல பிறந்திருந்தா அந்தக் கணக்குலதான் வருவார்.

ரெண்டு பேரும் இந்துக்கள், தோட்டம் தமிழ்நாட்டுக்குள்ளன்னே முதல்ல வெச்சுக்குவோம். அப்படின்னா நீங்க அதிர்ஷ்டசாலி, இந்தியாவுல ரொம்ப கம்மி பேருக்குக் கிடைச்ச வசதி உங்களுக்கு இருக்கு. இந்துத் திருமணச் சட்டத்துல 7ஏன்னு தமிழ்நாட்டுக்காக சேர்த்த ஒரு பிரிவு இருக்கு. அது சொல்றது இவ்வளவுதான்: சொந்தக்காரங்களோ நண்பர்களோ வேற யாராச்சுமோ முன்னால இருக்கணும், அவங்க முன்னால ரெண்டு பேரும் புரியுற ஏதோ ஒரு மொழில "இவரை நான் கணவரா ஏத்துக்கிறேன்", "இவரை நான் மனைவியா ஏத்துக்கிறேன்"னு சொல்லணும், அல்லது ஒருத்தருக்கொருத்தர் மாலை போடணும் இல்ல விரல்ல மோதிரம் போடணும், அல்லது தாலி கட்டணும். அந்த "அல்லது"வ கவனிங்க. மூணும் சேர்ந்து தேவையில்ல, ஒண்ணு நடந்தாலே கல்யாணம் ஆயிடுச்சு. நல்ல நேரம் தேவையில்ல, அக்னி தேவையில்ல, அக்னி முன்னால ஏழடி எடுத்து வைக்கிறதும் தேவையில்ல. நடத்தி வைக்கிறவர்னு ஒரு ஆளே அந்தப் பிரிவுல கிடையாது. அதனால உங்க ஃப்ரெண்டுக்கு லைசென்ஸும் வேணாம், தகுதியும் வேணாம், சட்டத்தோட கண்ணுல அவர் கூட்டத்துல ஒருத்தர், அவருக்கு அன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னா கூட உங்க கல்யாணத்துக்கு ஒண்ணும் ஆகாது.

இது சும்மா வந்துடல. 1928ல அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தம் கிராமத்துல பெரியார் தலைமைல நடந்ததத்தான் முதல் சுயமரியாதைக் கல்யாணம்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் ஆயிரக்கணக்குல நடந்துச்சு, ஆனா சட்டம் ஏத்துக்கல. 1953ல சென்னை உயர் நீதிமன்றமே ஒரு குடும்ப வழக்குல, சாஸ்திரச் சடங்கும் இல்ல, காலங்காலமா வந்த வழக்கமும் இல்ல, அதனால இது செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அண்ணா முதலமைச்சர் ஆனதும் 1967ல சட்டசபைல இந்தத் திருத்தத்த நிறைவேத்தி, 1968 ஜனவரி 20லேர்ந்து அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி இதே மாதிரி நடந்த கல்யாணங்களும் நடந்த நாள்லேர்ந்தே செல்லும்னு அதுலயே எழுதிட்டாங்க. எங்க அப்பா அம்மா கல்யாணம் 1966. "ரெண்டு வருஷம் நான் உங்கப்பாவுக்கு யாருன்னே கவர்மெண்டுக்குத் தெரியாது"ன்னு அம்மா இன்னைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க.

இது எவ்வளவு உறுதின்னா, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நிக்குது. 2001ல ஒரு வழக்கு, முதல் மனைவி இருக்கும்போதே ரெண்டாவது கட்டிக்கிட்டவர் மேல புகார். அவர் தரப்பு வாதம் என்னன்னா, ரெண்டாவது கல்யாணத்துல ஏழடி வைக்கவே இல்ல, அதனால அது கல்யாணமே இல்ல, கல்யாணமே இல்லன்னா குற்றமும் இல்ல. நல்ல கெட்டிக்காரத்தனம்தான், ஆனா கோர்ட்டு ஒத்துக்கல, தமிழ்நாட்டுல 7ஏ இருக்கு, அதுபடி நடந்திருந்தா போதும், ஏழடி எல்லாருக்கும் கட்டாயம் இல்லன்னுடுச்சு. அப்புறம் 2014ல சென்னை உயர் நீதிமன்றம், ரகசியமா வக்கீல் ரூம்ல நடத்துற கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம் ஆகாதுன்னு ஒரு தீர்ப்பு கொடுத்துச்சு, அத 2023 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் மாத்திடுச்சு. 7ஏ கல்யாணத்துக்கு ஊரறிய விழாவோ பொது அறிவிப்போ தேவையில்ல, வக்கீலும் நண்பராவோ சொந்தக்காரராவோ கூட இருந்து நடத்தலாம், ஆனா கோர்ட்டோட அதிகாரியா தொழில் ரீதில அதப் பண்ணக் கூடாது. நான் மைக் பிடிக்கப் போறப்ப கறுப்பு கோட்ட வீட்டுலயே விட்டுட்டுப் போறதுக்கு இது ஒரு காரணம், இன்னொரு காரணம் மே மாச வெயில்.

மத்த நிபந்தனை எல்லாம் எந்த இந்துக் கல்யாணத்துக்கும் உள்ளதுதான். பொண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிஞ்சிருக்கணும். பொண்ணுக்கும் 21 ஆக்குறதுக்கு 2021 டிசம்பர்ல ஒரு மசோதா கொண்டு வந்தாங்க, அது சட்டமாகாமலே போன மக்களவையோட காலாவதி ஆயிடுச்சு. ரெண்டு பேருக்கும் உயிரோட இருக்கிற வேற துணை இருக்கக் கூடாது, முன்னாடி விவாகரத்து ஆனவங்கன்னா தீர்ப்பு நகல் வேணும், துணை இறந்தவங்கன்னா இறப்புச் சான்றிதழ். தடை செஞ்ச உறவுமுறையா இருக்கக் கூடாது, ஆனா நம்ம பக்கத்து மாமன் மகள், அத்தை மகன் முறை எல்லாம் வழக்கம்னு ஒத்துக்கிட்டது, அதுக்குப் பயப்பட வேணாம். வீட்டுல சம்மதம்னு எழுதியிருக்கீங்க, நல்லது. இத வேற யாராவது சம்மதம் இல்லாம படிச்சுக்கிட்டு இருந்தா, வயசு வந்த ரெண்டு பேருக்கு அப்பா அம்மா கையெழுத்து சட்டத்துல எங்கயும் கிடையாது. குடும்பமோ சாதிக் கூட்டமோ குறுக்க நிக்க முடியாதுன்னு 2018லயே உச்ச நீதிமன்றம் சொல்லி, மிரட்டல் வந்தா பாதுகாப்பு கொடுக்கணும்னு போலீசுக்கு உத்தரவும் போட்டிருக்கு. அதேபோல திருநங்கைகளுக்கு: 2019 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்துல மணமகள்ங்கிற வார்த்தைல திருநங்கையும் அடக்கம்னு சொல்லி, பதிவு பண்ண மறுத்த ஆபீஸ பதிவு பண்ணச் சொன்னது.

இப்ப உங்க அக்டோபர் திட்டத்துக்கு வர்றேன், சிக்கலே அங்கதான் இருக்கு. இந்துத் திருமணச் சட்டத்துல ரிஜிஸ்டர் ஆபீஸ் உங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறதில்ல. ஏற்கனவே நடந்த கல்யாணத்த நோட்டுல ஏத்தி சர்ட்டிபிகேட் கொடுக்குது, அவ்வளவுதான். அக்டோபர்ல நீங்க கையெழுத்து போடுறப்ப கல்யாணமே நடக்கலன்னா, அந்தப் பேப்பர் எதுக்கு சாட்சி? ஃபாரத்துல "திருமணம் நடந்த நாள், இடம்"னு ஒரு கட்டம் இருக்கும், அதுல நீங்க என்ன எழுதுவீங்க? பொய்யா ஒரு தேதியும் ஒரு கோயில் பேரும் எழுதுறவங்க உண்டு, புரோக்கர் அத ரொம்ப சாதாரணமா பண்ணிக் கொடுப்பார், தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. 2024 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றத்துக்கு ரெண்டு பைலட்டுகளோட வழக்கு வந்துச்சு. கிட்டத்தட்ட உங்க திட்டம்தான், முதல்ல சர்ட்டிபிகேட், விழா பின்னாடி. விழா நடக்குறதுக்குள்ள ரெண்டு பேருக்கும் ஒத்துப் போகல, விவாகரத்து கேட்டு வந்து நின்னாங்க. சடங்கே நடக்கலன்னா சர்ட்டிபிகேட்டும் பதிவும் மட்டும் கல்யாணத்த உண்டாக்காது, உங்களுக்குக் கல்யாணமே ஆகலன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. அவங்களுக்கு அது விடுதலை. ஆனா அதே நிலைல ஒரு விபத்தோ ஒரு சொத்துத் தகராறோ வந்து, ஒரு பொண்ணு "நான் மனைவி"ன்னு நிரூபிக்க வேண்டிய இடத்துல நின்னா என்ன ஆகும்னு யோசிங்க.

உங்களுக்கு நான் சொல்ற வழி இது. அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை, உங்க வீட்டு ஹால்ல, ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு பத்துப் பேர். ஒரு குத்துவிளக்கு வேணும்னா வைங்க, வேணாம்னா விடுங்க. ரெண்டு மாலை. ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் அந்த ஒரு வரிய முழுப் பேரோட சொல்லி, மாலை மாத்தி, அத யாராவது ஒரு போன்ல முழுசா வீடியோ எடுக்கணும். கேசரியும் பஜ்ஜியும். அதுதான் உங்க கல்யாணம், நிஜமான கல்யாணம், சட்டத்துல குறை சொல்ல முடியாத கல்யாணம். அந்தத் தேதிய ஃபாரத்துல எழுதி ரிஜிஸ்டர் பண்ணுங்க, விசா வேலையப் பாருங்க. ஜனவரில தோட்டத்துல அறுபது பேர் முன்னால அதே உறுதிமொழிய இன்னும் நீளமா, இன்னும் அழகா திரும்பச் சொல்லுங்க, யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா அது கொண்டாட்டம். இந்த யோசனைய சொன்னா நிறைய பேர் முகம் சுருங்கும், "அப்ப தோட்டத்துல நடக்குறது நாடகமா சார்"ன்னு ஒரு பொண்ணு என்கிட்டயே கேட்டுச்சு. எனக்கு அப்படித் தோணல, ஆனா உங்களுக்குத் தோணுச்சுன்னா இன்னொரு வழி இருக்கு, விசாவ பிப்ரவரிக்குத் தள்ளிட்டு தோட்டத்துலயே முதல் தடவையா பண்ணுங்க. ரெண்டையும் ஒரே நேரத்துல வெச்சுக்க முடியாது, அதுமட்டும்தான் என்னால சொல்ல முடியும்.

ரெண்டு பேர்ல ஒருத்தர் கிறிஸ்தவரோ முஸ்லிமோன்னா மேல சொன்ன 7ஏ கதை முழுசும் உங்களுக்குப் பொருந்தாது, அது ரெண்டு இந்துக்களுக்கு மட்டும். இத நிறைய பேர் தெரியாம, ஒரு இயக்க மேடைல மாலை மாத்திட்டு பல வருஷம் நிம்மதியா இருந்துட்டு, பாஸ்போர்ட்டுல பேர் சேர்க்கப் போறப்ப வந்து நிப்பாங்க. ஒருத்தர் கிறிஸ்தவர்னாலே 1872ஆம் வருஷத்து இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் உள்ள வந்துடும், அதுல யார் நடத்தலாம்ங்கிறதுக்கு உரிமம் உண்டு, அதுக்கு வெளில நடந்தா செல்லாதுன்னு அதுலயே இருக்கு, உங்க ஃப்ரெண்டு நடத்தினா அங்க உதவாது. உங்க மாதிரி ஆளுங்களுக்குப் பொருத்தமானது 1954ஆம் வருஷத்து சிறப்புத் திருமணச் சட்டம். எந்த மதமும், மதமே வேணாம்ங்கிறவங்களும் அதுல பண்ணிக்கலாம், ரெண்டு பேரும் இந்துன்னாலும் பண்ணலாம். இதுல ஆபீஸே கல்யாணம் பண்ணி வைக்குது, ஆனா டைம் வேணும். ரெண்டு பேர்ல ஒருத்தராவது அந்த மாவட்டத்துல தொடர்ந்து 30 நாள் குடியிருந்திருக்கணும், அப்புறம் நோட்டீஸ் கொடுக்கணும், அத ஆபீஸ் பலகைல ஒட்டுவாங்க, 30 நாள் யாராவது ஆட்சேபம் சொல்றாங்களான்னு காத்திருப்பாங்க. ஆட்சேபம்னா "எங்க சாதி வேற"ன்னு சொல்றது எடுபடாது, வயசு, ஏற்கனவே கல்யாணம், உறவுமுறை, மனநிலை இந்த மாதிரி சட்டத்துல இருக்கிற காரணம் மட்டும்தான். நோட்டீஸ் கொடுத்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடியணும், தாண்டிட்டா நோட்டீஸ் செத்துடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். உதாரணத்துக்கு செப்டம்பர் 5 நோட்டீஸ் கொடுத்தா அக்டோபர் இரண்டாவது வாரத்துல முடிக்கலாம், டிசம்பர் 5ஐத் தாண்டக் கூடாது.

நிறைய பேருக்குத் தெரியாத ஒண்ணு, அந்தச் சட்டத்துலயே நீங்க எந்த முறைல வேணும்னாலும் கல்யாணத்த நடத்திக்கலாம்னு இருக்கு. கட்டாயம் என்னன்னா, திருமண அதிகாரியும் மூணு சாட்சியும் கேக்குற மாதிரி "நான் இன்னார், உங்களை என் சட்டப்படியான மனைவியாக ஏற்கிறேன்"னு ஒருத்தர் சொல்லணும், அதே மாதிரி மத்தவரும் சொல்லணும். அதிகாரி ஆபீசுக்கு வெளில, நியாயமான தூரத்துல நீங்க சொல்ற இடத்துக்கே வந்து நடத்தலாம், அதுக்குத் தனிக் கட்டணம். அப்போ தோட்டத்துலயே, அறுபது பேர் முன்னாலயே, நிஜமான சட்டக் கல்யாணம் நடத்த வழி இருக்கு. சட்டத்துல இருக்கிறது உறுதி, ஆனா உங்க ஊர் அதிகாரி அன்னிக்கு ஃப்ரீயா இருப்பாரா, வர ஒத்துக்குவாராங்கிறது நேர்ல போய்க் கேட்டாதான் தெரியும். நான் ஒரே ஒரு தடவை அப்படி வந்து பாத்திருக்கேன், ஒரு அம்மா, சப்-ரிஜிஸ்ட்ரார், பைலக் கைல வெச்சுக்கிட்டு கடைசி வரிசைல உக்காந்து உறுதிமொழி கேட்டுட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க, அப்புறம் ஒரு கையெழுத்து விட்டுப் போச்சுன்னு மாப்பிள்ளைய அதட்டவும் செஞ்சாங்க.

சொத்து விஷயம் ஒண்ணு சொல்லிட்டுத் தாண்டிடுறேன். ரெண்டு இந்துக்கள் சிறப்புச் சட்டத்துல பண்ணா வாரிசுரிமை பழையபடி இந்து வாரிசுரிமைச் சட்டம்தான், 1976ல அத சரி பண்ணிட்டாங்க. ஒருத்தர் வேற மதம்னா 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும், இந்துவா இருக்கிறவர் கூட்டுக் குடும்பத்துலேர்ந்து பிரிஞ்சதா கணக்கு. பூர்வீகச் சொத்து பெருசா இருக்கிற வீடுன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு வக்கீல்கிட்ட உக்காந்து பேசுங்க.

தோட்டம் எந்த ஊர்னு கேட்டேனே, அது எதுக்குன்னா, 7ஏ தமிழ்நாட்டுத் திருத்தம். ஏற்காடு, கொடைக்கானல், குன்னூர்னா கவலையே இல்ல. மூணாறு, வயநாடு, கூர்க்னு போனீங்கன்னா எல்லை தாண்டிட்டீங்க, அங்க சாதாரண இந்துத் திருமணச் சட்டம்தான், ஏதாவது ஒரு தரப்போட வழக்கமான சடங்குப்படி நடந்திருக்கணும்னு கேக்கும். வெறும் உறுதிமொழியும் மாலையும் அங்க போதுமான்னு ஒருத்தர் கோர்ட்டுல கேள்வி எழுப்பினா வாதம் பண்ணலாம், ஆனா தெரிஞ்சே எதுக்கு அந்த வம்பு. மூணாறு பிடிச்சிருக்குன்னா வீட்டு ஹால் கல்யாணத்த முன்னாடி முடிச்சுட்டு அங்க போய்க் கொண்டாடுங்க.

பதிவுக்கு வருவோம். தமிழ்நாட்டுல 2009ஆம் வருஷச் சட்டப்படி எல்லா மதக் கல்யாணமும் கட்டாயம் பதிவு பண்ணணும், கல்யாணம் நடந்த நாள்லேர்ந்து 90 நாளுக்குள்ள, விட்டுட்டா கூடுதல் கட்டணம் கட்டி இன்னும் 60 நாள். பதிவு பண்ணலங்கிறதுக்காக இந்துக் கல்யாணம் செல்லாமப் போகாது, அது சட்டத்துலயே இருக்கு, ஆனா உங்க அவசரத்துக்கு அந்த ஆறுதல் பிரயோஜனம் இல்ல. பதிவுத்துறை இணையதளத்துல விண்ணப்பம் நிரப்பி, நாள் குறிச்சு, நேர்ல போகணும். கல்யாணம் நடந்த இடம் எந்த சார்பதிவாளர் எல்லைன்னு முதல்லயே பாத்துக்கோங்க, சில ஊர்ல ஒரே தெருவோட ரெண்டு பக்கம் ரெண்டு ஆபீஸ். வயசுச் சான்று, முகவரிச் சான்று, பத்திரிகை, கல்யாண போட்டோ, சாட்சிகளோட அடையாள அட்டை. சிறப்புச் சட்டத்துக்கு மூணு சாட்சி கட்டாயம், மத்ததுக்கும் மூணு பேரைக் கூட்டிட்டுப் போங்க, ஒருத்தர் கூட இருந்தா என்ன கெட்டுப் போகுது. சில இடத்துல "மண்டப ரசீது எங்க, கோயில் ரசீது எங்க"ன்னு கேப்பாங்க. வீட்டுல நடந்த கல்யாணத்துக்கு ரசீது எங்கேர்ந்து வரும்? சண்டை போடாதீங்க, 7ஏபடி நடந்த கல்யாணம், இதோ பத்திரிகை, இதோ போட்டோ, இதோ பாத்த மூணு பேர்னு பொறுமையா சொல்லுங்க, கேக்கலன்னா எழுத்துல மறுப்பு கொடுங்கன்னு கேளுங்க, அந்த வாக்கியத்துக்கே பாதி இடத்துல வேலை நடந்துடும். பத்திரிகை நிறைய அடிக்கலைன்னாலும் பத்து காப்பியாவது அடிச்சு வைங்க, ரெண்டு பேர் முழுப் பேர், அப்பா அம்மா பேர், தேதி, நேரம், முழு முகவரி. வாட்ஸ்அப்ல அனிமேஷன் பத்திரிகை அனுப்புறது அழகுதான், ஆனா அத பைல்ல கோத்து வைக்க முடியாது.

என் கிட்ட வர்ற பத்துப் பேர்ல பாதிப் பேர் மாட்டுறது பேர்லதான். நம்ம ஊர் இன்ஷியல் வம்பு. ஆதார்ல எஸ். கவிதா, பத்தாங்கிளாஸ் மார்க் ஷீட்ல கவிதா எஸ், பாஸ்போர்ட்ல கவிதா செல்வராஜ்னு இருக்கும், மூணும் ஒரே பொண்ணு, நமக்குத் தெரியும், விசா ஆபீசருக்குத் தெரியாது. மேரேஜ் சர்ட்டிபிகேட்ல பாஸ்போர்ட்ல இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து வரணும். விண்ணப்பம் அனுப்புறதுக்கு முன்னாடி பாஸ்போர்ட்டப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொண்ணா விரல் வெச்சுப் பாருங்க, அப்புறம் திருத்துறது கல்யாணத்த விடப் பெரிய வேலை. வெளிநாட்டுக்குப் போற சர்ட்டிபிகேட்டுக்கு மாநில அரசு சான்றொப்பம், அப்புறம் வெளியுறவுத் துறைல அப்போஸ்டில் (வெளிநாட்டுல செல்லுறதுக்கான முத்திரை) வேணும்னு பல நாடு கேக்கும், அதுக்கும் சில வாரம் ஒதுக்கி வைங்க.

விழா எப்படி நடத்தணும்னும் கேட்டிருந்தீங்க. பதினஞ்சு மேடை பாத்ததுல சொல்றேன், சீர்திருத்தக் கல்யாணத்தோட எதிரி வாழ்த்துரை. ஒரு கல்யாணத்துல பத்தரைக்கு ஆரம்பிச்ச வாழ்த்துரை பன்னெண்டேகால் வரைக்கும் போச்சு, ஏழு பேர் பேசினாங்க, மூணு பேர் பொண்ணு பேர மாத்திச் சொன்னாங்க. "பந்தி போட்டாச்சு"ன்னு பின்னாடி யாரோ சொன்னதும் பாதிக் கூட்டம் எழுந்து போயிடுச்சு, வீடியோகிராபர் பேட்டரி மாத்தப் போயிட்டார், அந்த நேரம் பாத்து உறுதிமொழி. உறுதிமொழிய முன்னாடி வைங்க, வரவேற்புரை ரெண்டு நிமிஷம், உடனே உறுதிமொழி, மாலை, அப்புறம் யார் வேணும்னாலும் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசட்டும், பசிச்சவங்க சாப்பிடட்டும்.

உறுதிமொழிய நீங்களே எழுதுறதுல இன்னொரு வேடிக்கை. எங்க தெருப் பையன் ஒருத்தன் எழுதினது ஒன்றரைப் பக்கம், மழை, குடை, காபி, பிரியாணி எல்லாம் இருந்துச்சு, கேட்டவங்க அழுதாங்க, ஆனா முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் "உன்னை மனைவியா ஏத்துக்கிறேன்"னு ஒரு வரி இல்ல. முன்னாடி நாள் ராத்திரி அத என்கிட்டக் காட்டினதால ஒரு வரி சேர்த்தோம். மாலை மாத்தினா எப்படியும் 7ஏ நிறைவேறிடும், இருந்தாலும் அந்த வரி இருக்கட்டும், ரெண்டு பேரும் முழுப் பேர் சொல்லி, மைக்ல, வீடியோல விழுற மாதிரி. கவிதைய அதுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க. பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி வைங்க, போனப் பாத்துப் படிச்சா நடுவுல யாராவது கூப்பிடுவாங்க, எழுதி வெச்ச பேப்பர்ல கீழ ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு, முன்னால உக்காந்திருக்கிற ரெண்டு பெரியவங்ககிட்டயும் வாங்கிடுங்க. சட்டம் கேக்கல, ஆனா பின்னாடி ஒரு நாள் அது பேசும். சாட்சிக்கு வெளிநாடு போற ஃப்ரெண்ட விட உள்ளூர்ல இருக்கிற சித்தப்பா மேல், கூப்பிட்டா கோர்ட்டுக்கு வருவார்.

தோட்டம்னா மழைக்கு மாற்று ஏற்பாடு வேணும், ஜனவரி கடைசின்னா பெரும்பாலும் தப்பிச்சுடலாம், இருந்தாலும் ஒரு ஓரத்துல சாமியானா போட்டு வைங்க. ஒலிபெருக்கிக்கு உள்ளூர் போலீஸ் அனுமதி வாங்கணும், ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் திறந்தவெளில மைக் செட் கூடாது. நல்ல நேரம் பாக்கலன்னா மார்கழியோ ஆடியோ எடுத்துக்கலாம், சமையல்காரர், போட்டோகிராபர் எல்லாம் சும்மா இருப்பாங்க, ரேட்டும் இறங்கும், ஆனா உங்க அத்தைங்க பாதிப் பேர் வர மாட்டாங்க, அது உங்க கணக்கு.

ரெண்டு பேரோட மதமும் தோட்டம் இருக்கிற ஊரும் கீழ எழுதுங்க, இந்து-இந்துன்னா ஃபாரத்துல எந்தக் கட்டத்துல என்ன வரணும்னு சொல்றேன், இல்லன்னா நோட்டீஸ் எந்தத் தேதிக்குள்ள கொடுக்கணும்னு கணக்கு போட்டுத் தர்றேன்.